முட்டியும் கட்டைவிரலும்

தம்பி போன் செய்தபோது அவள் பேக்கரியின் பின்னறையில் அட்டைப் பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். தட்டையாக வரும் அட்டையை நாலு பக்கமும் நிமிர்த்தி, மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் காதைப் பிளவுக்குள் செருகி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் பெட்டி நின்றுவிடும். கேக் வாங்க வருகிறவர்களுக்கு அது தானாகவே நிற்கிற மாதிரிதான் தெரியும்.

"அக்கா, மாமா ஒரு பாத்ரூம்ல மாட்டிக்கிட்டாரு."

"கதவு பூட்டிக்கிச்சா?"

"கதவு தெறந்துதான் இருக்கு. முட்டிதான் பூட்டிக்கிச்சு."

அவள் கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். தம்பி அவருக்குக் கலவை போட்டுக் கொடுத்து, டைல்ஸ் வெட்டிக் கொடுத்துக் கூடவே இருப்பவன். தொழிலில் அவருக்கு 'மட்டம்' என்று பெயர். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கீழே வைக்கமாட்டார் என்று யாரோ கிண்டல் செய்யப்போய், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒருநாளும் வேலைக்கு மட்டம் போடாத மனுஷனுக்கு இப்படி ஒரு பெயர்.

அவள் மேற்பார்வைக்காரரிடம் சொல்லிவிட்டு ஓடினாள். புதுசாகக் கட்டிய வீடு. பாத்ரூம் வாசலில் தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். உள்ளே, தூரத்து மூலையில், ஒரு துண்டு ஸ்பாஞ்சின்மேல் அவர் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. அவருக்கும் வாசலுக்கும் நடுவில் தரை முழுக்க அப்போதுதான் ஒட்டிய டைல்ஸ்.

நடந்தது இதுதான். மூலையிலிருந்து ஆரம்பித்து வாசல்வரை ஒழுங்காக ஒட்டி முடித்துவிட்டார். வெளியே வந்து நின்று பார்த்தபோது மூலையில் ஒரு டைல் ஒரு மயிரிழை தூக்கியிருப்பதுபோலத் தெரிந்திருக்கிறது. விட மனசில்லை. பலகை போட்டு அதன்மேல் நடந்து போய், முட்டி போட்டுத் தட்டி இறக்கியிருக்கிறார். பலகை பட்ட இடம் அமுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக பலகையையும் தன் பக்கம் இழுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டார். எழுந்திருக்கப் பார்த்தால் இடது கால் நீளவில்லை.

"எந்திரிங்க" என்றாள்.

"முடிஞ்சா எந்திரிக்க மாட்டேனா?"

"கையை ஊனிக்கிட்டு எந்திரிங்க."

"எங்க ஊனுறது? சுவர்லயும் ஈரம், தரையிலயும் ஈரம்."

"சரி, அந்தப் பலகையைப் போடுங்க. நான் வரேன்."

"ஒரு தடவை போட்டதுக்கே ரெண்டு எடத்துல எறங்கியிருக்கு. மறுபடி போட்டா மொத்தமும் பேத்து ஒட்டணும்."

"அப்ப எப்பதான் காயும் இது?"

"நாளைக்குக் காலைல" என்றார், ஏதோ பஸ் வருகிற நேரத்தைச் சொல்கிற மாதிரி.

அவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராக உள்ளே நடந்தாள். "வைக்காத, அங்க வைக்காத" என்று அவர் சொல்லச் சொல்ல, காலுக்குக் கீழே ஒவ்வொரு டைலும் சேற்றில் இறங்குவதுபோல இறங்கியது. அவர் இரண்டு கையையும் பிடித்து இழுத்தாள். அந்த இழுப்பில் அவளுடைய வலது கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோடு சேர்கிற இடத்தில், யாரோ திருகாணியை வைத்து முறுக்கின மாதிரி ஒரு வலி தோள்வரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். பின்னாலேயே தம்பி வந்து அவரைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினான்.

வாடகைக் காரில் வீடு வந்து சேரும்வரை அவர் பேசியது டைல்ஸைப் பற்றித்தான். வாசலோரம் எத்தனை போச்சு, கலவை எவ்வளவு வீண், நாளைக்கு முதல் வேலையாக எதைப் பெயர்க்க வேண்டும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, கட்டைவிரலை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் அவருடைய வேலைப் பையைக் கொட்டிப் பார்த்தாள். கரண்டி, ரப்பர் சுத்தியல், ரசமட்டம். அடியில் வலி மாத்திரை அட்டைகள், காலியானதும் பாதியானதுமாக ஒரு குவியல்.

"யாரு எழுதிக் குடுத்தாங்க இதெல்லாம்?"

"மருந்துக்கடைல கேட்டாலே குடுக்குறான்."

"தினமுமா போடுறீங்க?"

"போட்டாத்தான் மடங்குது."

வீட்டில் முட்டிவலிக்கு இல்லாத வைத்தியம் கிடையாது. அவருடைய அக்கா, இவளுக்கு அண்ணி, வாரம் தவறாமல் போன் செய்து புதுசாக ஒன்று சொல்வாள். ஒரு வாரம் எண்ணெய். அடுத்த வாரம் புளிப்பு ஆகாது. அதற்கடுத்த வாரம் கிழங்கு ஆகாது. பிறகு சூடு வைக்கிற பெல்ட் ஒன்று வந்தது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கிப்போய் முட்டியில் கொப்புளம் போட்டதுதான் மிச்சம். வீடு முழுக்க எண்ணெய் நாற்றம், அலமாரி முழுக்கப் பாட்டில். தேய்த்துவிடுவது அவள். ஒத்தடம் கொடுப்பது அவள். கட்டைவிரல் கெஞ்சக் கெஞ்ச, அவர் முட்டியைச் சுற்றி உருட்டி உருட்டித் தேய்ப்பாள். "இன்னும் கொஞ்சம் அழுத்து" என்பார் அவர், கண்ணை மூடிக்கொண்டு.

எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போக ஒரு சண்டை போடவேண்டியிருந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா முனையால் காட்டினார்.

"இந்த ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற இடைவெளியைப் பாருங்க. வெளிப்பக்கம் நல்லா இருக்கு. உள்பக்கம் ஒட்டுற மாதிரி குறைஞ்சிருக்கு. நடுவுல மெத்தை மாதிரி இருக்குற ஜவ்வு தேஞ்சிருச்சு. ஓரத்துல முள்ளு மாதிரி எலும்பும் வளந்திருக்கு."

"அது வளர மருந்து குடுங்க."

"ஜவ்வு திரும்ப வளர்ற மாதிரி மருந்து எதுவும் இல்லைங்க."

"அப்ப ஆபரேஷன் பண்ணி மாத்திருங்க. டைல்ஸ் ஒடைஞ்சா நாங்க என்ன தடவியா குடுக்குறோம்? பேத்துட்டு வேற போடுறோம்."

"அதுக்கு இன்னும் காலம் இருக்கு. நீங்க நடக்குறீங்க, மாடி ஏறுறீங்க. முட்டியைத் தாங்குறது எலும்பு மட்டும் இல்ல, தொடைச் சதையும்தான். அதை பலப்படுத்தணும். எடையைக் குறைக்கணும். முட்டி போடுற வேலையைக் குறைக்கணும்."

"டைல்ஸ் ஒட்டுறவன் முட்டி போடாம, அந்தரத்துல தொங்கிக்கிட்டா ஒட்டுவான்?"

டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். தினமும் போடுவதாகச் சொன்னதும் முகம் மாறியது. ரத்த அழுத்தம் பார்த்தார், ஏறியிருந்தது. வயிறு எரியுமா என்று கேட்டார், எரியும். "வலி மாத்திரை முட்டியைச் சரிபண்ணாது. வலியை மட்டும் மறைக்கும். வயித்தையும் கிட்னியையும் அது பாட்டுக்குக் கெடுத்துக்கிட்டே இருக்கும். இனிமே மேலுக்குப் பூசுற களிம்பு தரேன். தாங்க முடியாத அன்னைக்கு மட்டும் மாத்திரை."

அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் எழுந்து எக்ஸ்ரேயை வாங்கி உறைக்குள் போடப் பார்த்தாள். உறை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் பிரிக்க வராமல் பல்லால் கடித்துப் பிரித்தாள். டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கையைக் காட்டுங்கம்மா."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"அவளுக்கு என்ன, அவ கல்லு மாதிரி இருப்பா" என்றார் கணவர்.

டாக்டர் அவள் கட்டைவிரலைப் பிடித்து, அடியில் லேசாக அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினார். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"காலைல எந்திரிச்சா விரல் மடங்க ரொம்ப நேரம் ஆகுதா? ரெண்டு கையும் வீங்குதா?"

"வீங்காது. டீ கொதிக்கிறதுக்குள்ள சரியாயிடும். வேலை செஞ்சாதான் வலி."

"ரொம்ப நேரம் இறுகி, பல மூட்டு வீங்கினா அது வேற வாதம். அதுக்கு உடனே வேற மருந்து ஆரம்பிக்கணும். உங்களுது அப்படித் தெரியல. இவருக்கு முட்டில இருக்குறதுதான் உங்களுக்குக் கட்டைவிரல்ல இருக்கு. தேய்மானம்." விரலைத் தாங்கிப் பிடிக்க ஒரு பட்டை எழுதிக் கொடுத்தார். கிள்ளிப் பிடிக்கிற, அழுத்துகிற வேலையைக் குறைக்கச் சொன்னார். அவள் தலையாட்டினாள். வேலையில் அவள் செய்வதே அது இரண்டும்தான்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார், "எனக்கு வந்தா உனக்கும் வரணுமா?"

அது விளையாட்டா குறையா என்று அவளுக்குப் புரியவில்லை. எதுவானாலும் சிரிக்கிற நிலையில் அவள் இல்லை.

டாக்டர் அனுப்பிய இடத்தில் முட்டிக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த அம்மா பேச்சில் கறார். துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, கீழே அழுத்தி, தொடையை இறுக்கிப் பிடித்துவிட்டு விடவேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்த வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு வந்து துண்டை மூலையில் எறிந்தார்.

"இதுக்கு ஒரு படிப்பு. துண்டை நசுக்குனா முட்டி சரியாயிடுமாம்."

ஒரு வாரம் செய்தார். வலி அப்படியே இருந்தது. விட்டுவிட்டார். பயிற்சிக்கார அம்மா மாதக்கணக்கில் செய்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தாள். அது அவர் காதில் ஏறவில்லை. தம்பி தனியாகத் தரை வேலை எடுத்து ஒட்டினான். அவர் வீட்டில் உட்கார்ந்து அவனைப் போனில் திட்டினார். கலவை கட்டியா இருந்ததா, இளகலா இருந்ததா, ஏன் போட்டோ அனுப்பவில்லை. அனுப்பினால், ஏன் சாய்வாக எடுத்தாய். பிறகு பொறுக்காமல் சுவர் வேலைக்கு மட்டும் போக ஆரம்பித்தார். சுவர் வேலை நின்றபடி செய்யலாம். ஆனாலும் மாலையில் வந்து, "சுவர்ல ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா, போஸ்டர் ஒட்டுற மாதிரி" என்று முனகுவார்.

அவளுக்கு வேறு பாடு. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு போனதும் மேற்பார்வைக்காரர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னம்மா அது?"

"கட்டைவிரல் தேஞ்சிருக்குங்க. பெட்டி மடிக்கிறது வேண்டாம்னு டாக்டர் சொல்றாரு. கவுண்டர்ல போடுங்களேன்."

"பெட்டி மடிக்கிறதுல என்னம்மா வலி? வெறும் அட்டைதானே."

அவள் ஒரு பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து, நாள் முழுக்க மடித்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தி மடிக்கப் பழகினாள். விரலுக்கு நிம்மதி, ஆனால் மெதுவாகத்தான் வந்தது. மெதுவாகிறது என்று அதற்கும் பேச்சு வாங்கினாள். எதிர் மேஜைப் பெண், "நீங்க நல்லாத்தானே இருக்கீங்க, பாத்தா ஒண்ணும் தெரியலையே" என்றாள். அதுதான் பிரச்சினையே என்று அவளுக்குத் தோன்றியது. முட்டிக்கு நொண்டி நடக்க முடிகிறது. கட்டைவிரலுக்கு எப்படி நொண்டுவது?

ஒருநாள் மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார். வேலைப் பையிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு பிளாஸ்க் மூடியை ஒழுங்கா மூடத் தெரியாதா? பை பூரா ஊறிப்போச்சு. ரசமட்டம் பூரா பிசுபிசுன்னு ஒட்டுது. கவனம் எங்கதான் இருக்கு உனக்கு?"

அவள் அடுப்பை அணைத்தாள். பிளாஸ்க்கை அவர் கையிலிருந்து வாங்கி, கழுவி, மூடியைத் தனியாக மேஜைமேல் வைத்தாள்.

"மூடுங்க."

"என்ன?"

"நீங்க மூடுங்க. கட்டைவிரல் படாம மூடுங்க."

அவர் முறைத்துக்கொண்டே நாலு விரலால் மூடியைத் திருகினார். அது சுற்றியது, இறுகவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். மூடி வழுக்கிக்கொண்டு மேஜையிலிருந்து விழுந்து உருண்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றது.

"உங்க முட்டிக்கு இந்த வீட்டுல எத்தனை பேரு அழுதோம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "உங்க அக்கா அங்கேருந்து அழுதாங்க. தம்பி வேலையை விட்டுட்டு உங்களைத் தூக்குனான். நான் ராவும் பகலும் தேச்சு விட்டேன். எதை வெச்சுத் தேச்சேன்? இந்த விரலை வெச்சு. உங்க முன்னாடிதான் டாக்டரு சொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கை எப்படி இருக்குன்னு கேட்டீங்களா? துண்டை அழுத்தச் சொன்னா அதுக்கு ஆயிரம் கேள்வி. எனக்கு அழுத்தாம இருன்னு சொல்றாங்க, அதுக்கு எனக்கு வழி இல்ல."

அவர் குனிந்து மூடியை எடுக்கப் போனார். முட்டி விடவில்லை. நாற்காலியைப் பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒருவழியாக எடுத்தார். மூடியை இறுக்கி மூடி மேஜைமேல் வைத்தார்.

மறுநாள் விடுமுறை. அவள் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் சமையலறையில் கத்தி, கரண்டி, துருவி எல்லாவற்றின் பிடியிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, தடியாக ஆக்கி வைத்திருந்தார் மனுஷன். பிடி தடிமனாக இருந்தால் விரல் மடங்காமல் பிடிக்கலாம் என்று பயிற்சிக்கார அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தக் கரண்டியும் இழுப்பறைக்குள் போகவில்லை. தாளிக்கிற கரண்டியை அடுப்பில் வைத்ததும் வீடு முழுக்க ரப்பர் தீயும் வாசனை.

"தாளிக்கிறதுக்குமா சுத்துவீங்க?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்னு பாத்தேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. உதவி செய்கிறேன் என்று வந்து அதையும் அவளுடைய வேலையாக ஆக்கிவிட்டாரே என்று வந்தது. அரை நாள் உட்கார்ந்து பாதியைப் பிரித்தாள். அதற்கும் கட்டைவிரல்தான் வேண்டியிருந்தது. கத்தியை மட்டும் விட்டுவைத்தாள். கத்தி நன்றாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ளப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னாள்.

"கத்தி பரவாயில்ல."

அவர் மூலையில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டினார். தரையில் உட்கார முடியாமல் கட்டிலில் ஏறிக் காலை நீட்டினார். அழுத்தி, பிடித்து, விட்டார். நடுநடுவே, "சுத்தப் பைத்தியக்காரத்தனம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் மறுநாளும் செய்தார். அதற்கடுத்த நாள் மறந்தார். அவள் துண்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். அப்படித்தான் போனது. எரிச்சலோடு செய்வதும் விடுவதும், திட்டு வாங்கி மறுபடி செய்வதும்.

மழைக்காலம் வந்து போனது. முட்டிவலி போகவில்லை. ஆனால் மாத்திரை இல்லாமல் மாடி ஏற முடிந்தது. வயிற்று எரிச்சல் நின்றிருந்தது. தரை வேலையில் தம்பி முட்டி போட, அவர் சக்கரம் வைத்த குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து டைல்ஸுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளுக்குப் பூச்சு மட்டும் பூசினார். அந்த ஸ்டூலை யாராவது பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு முழுக்கக் கடுகடுப்பு. அவளுக்குப் பேக்கரியில் கவுண்டர் கிடைக்கவில்லை. பாதி நாள் பிரெட் வெட்டுகிற மெஷினிலும், மீதி நாள் பெட்டியிலும் போட்டார்கள். அதுவும் நான்கு தரம் கேட்ட பிறகு. பட்டையைக் கழற்றினால் விரல் முறைத்துக்கொள்ளும். கட்டினால் வேலை மெதுவாகும். எது தேவலை என்று ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு கணக்குப் போட வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாளில் அண்ணி ஊரிலிருந்து வந்து இறங்கினாள், கையில் புதுசாக ஒரு எண்ணெய்ப் பாட்டிலோடு. உட்காருவதற்கு முன்பே கேட்டாள்.

"முட்டி எப்படிடா இருக்கு?"

"முட்டி கெடக்குது விடுக்கா. இவ கைதான் மோசமா இருக்கு" என்றார் அவர். "கட்டைவிரல் அடியில ஜவ்வு தேஞ்சுபோச்சு. கிள்ளிப் பிடிக்கக்கூடாது. முறுக்கக்கூடாது. இவ கேக்கவே மாட்டேங்குறா."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி, வேலையில் மூலையை அளந்து சொல்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கேக்க மாட்டேங்குறேனா?" என்றாள்.

"பின்ன? நேத்து துணியை யாரு பிழிஞ்சா?"

"நீங்க பிழிஞ்சா தண்ணி அப்படியே இருக்கு. அதான் பிழிஞ்சேன்."

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அடடா, இதைச் சொல்லியிருக்கக் கூடாதா" என்று பாட்டிலைத் திறந்து, அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலி எங்கே என்று கேட்காமலே சரியாக அந்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் மூச்சு நின்றது.

"அக்கா, விடு" என்றார் அவர். "அழுத்தக்கூடாதுன்னு இப்பதான சொன்னேன்."

"எண்ணெயை அழுத்தித் தேய்க்காம பின்ன எப்படிடா?"

"தேய்க்கவே வேண்டாம்."

அவள் கையை உருவிக்கொண்டு, டீ போடுகிறேன் என்று எழுந்தாள். சமையலறைக்குள் போய் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வாசனை போகவில்லை. முன்னறையில் அவர் அக்காவுக்குத் தன் முட்டி எக்ஸ்ரேயைக் காட்டி, இடைவெளி எங்கே குறைந்திருக்கிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். தலைகீழாகப் பிடித்திருப்பது கதவு இடுக்கு வழியாகவே தெரிந்தது. போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு பாலை அடுப்பில் ஏற்றினாள்.